லோங்காங் முனி

மழை விட்டபின் எழும் ஈரச் சிமெண்டு வாசம் பட்டால் இந்த வயதிலும் என் கால்கள் பின்வாங்குகின்றன. செம்பவாங் கடற்படைத் தளத்தில், வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் எங்கள் கூலிக் குடியிருப்புக்கும் நடுவே ஓடிய லோங்காங்கின் வாசம் அது. மாலையானால் அந்தப் பெரிய சாக்கடையின் குழாய்க்குள்ளிருந்து ஏதோ ராகமாய் ஊளையிடும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவோம்.

"முனிதான். சுருட்டு வச்சா அடங்கிடும் லா," என்றாள் அம்மா. குழாய் வாயில் அவள் வைத்த சுருட்டு மறுநாள் காணாமல் போனதும் பயம் இன்னும் கூடியது.

ஒரு மாலை ஊளை அலறலாக மாறியது. அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முனி இல்லை, பாடிப் பழக அங்கே ஒளிந்துகொள்ளும் துரை வீட்டுப் பையன். அவன் பையில் அகப்பட்ட எங்கள் சுருட்டைக் காட்டிக் காட்டி, துரை பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்தார். குழாய் ஒவ்வோர் அலறலையும் பெருக்கித் திருப்பி அனுப்பியது.

சில வருடங்கள் கழித்து, லண்டனில் பெரிய பாடகனாகிவிட்ட அவன் படம் பத்திரிகையில் வந்தது. தேக்கா சந்தைக் கடையொன்றின் வானொலியில் அவன் பாட்டு உச்சத்தில் அலறியபோது இளைஞர்கள் விசிலடித்து ஆடினார்கள். நான் பக்கத்தில் நின்ற அம்மாவின் சேலையைப் பற்றினேன்.

அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னுமாடி அந்தப் பிள்ளைய அடிக்கிறாங்க?"