பஸ் காசில் வந்த வெள்ளி ரூபாய்

பிள்ளைகளா, உங்கள் அத்தை நேற்று கொடுத்த பழைய வெள்ளி ரூபாயைத் தரையில் தவறவிட்டீர்களே, அந்தக் கிணீர் சத்தத்தில் எனக்கு மறுபடியும் ஒன்பது வயசாகிவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று சொந்தமாக வேணும் என்று என் அக்காவுக்கு, அதுதான் உங்கள் அத்தைக்கு, ஆசை. மல்லாட்டைக் கடலை உரித்த கூலியைச் சேர்த்துக்கொண்டு, என்னையும் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார பாய் ரூபாயைக் கல்லில் தட்டிக் காட்டி விலை சொன்னார். திரும்பிப்போக வைத்திருந்த பஸ் காசையும் சேர்த்தால்தான் சரியாக வரும்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க பாய்."

"இன்னும் கம்மி பண்ணா, கடையையே நீ எடுத்துக்கம்மா."

ரூபாயைக் கீழே வைக்க மனசில்லாமல் அக்கா நின்றாள். அப்போது ஒருத்தர் ஓடிவந்தார்.

"போராட்டக்காரங்க ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. பஸ் எதுவும் போவாது!"

எல்லாருக்கும் முகம் வாடியது. அக்காவுக்கு மட்டும் மலர்ந்தது.

"அப்ப பஸ் காசு மிச்சந்தான பாய்?"

"வூட்டுக்கு எப்பிடிம்மா போவ?"

"நடந்துக்கினு!"

எட்டு மைல். குறுக்கே கிடந்த புளியமரங்களில் ஏறி உட்கார்ந்து, அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த பிஞ்சுகளை எல்லாம் பறித்துத் தின்றோம். மைல்கல் வரும்போதெல்லாம் அக்கா ரூபாயைத் தட்டுவாள். இருவரும் காதை வைத்துக் கேட்போம்.

இன்று காலை அத்தையைக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏற்றிவிட்டேன். நம்ம ஊர் பஸ் காலியாகத்தான் நின்றது. நான் ஏறவில்லை. நடந்தே வந்தேன்.