நாக்கு விடுப்பில் போன வாரம்

அச்சகத்தில் அவரைத் 'திருத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைதிருத்துபவர் என்பதன் சுருக்கம். கல்யாணப் பத்திரிகையோ, இருமல் மருந்தின் மேலட்டையோ, மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகமோ, எதுவானாலும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'செல்வன்' என்பது 'செலவன்' என்று விழுந்திருந்ததைப் பிடித்தவர் அவர்தான். பெண்ணின் அப்பா மட்டும், "இருக்கட்டும் சார், பின்னால அதுதானே உண்மை" என்றாராம்.

தொழிலில் சிங்கம். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பேனாவை மூடத் தெரியாது.

சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். மனைவி டீயைக் கொண்டுவந்து கொடுப்பாள். முதல் வாயை உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "பால் ஒரு கொதி முன்னாடியே இறங்கியிருக்கு." "சர்க்கரை தூங்குது, கலக்கல." ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதே விசாரணைதான். அவருக்கு உயிர், குழைய வேகவைத்த பருப்புச் சோறும் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வறுவலும். அந்த வறுவலில் ஒரு துண்டு சற்றே கறுத்திருந்தாலும் அதைத் தனியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் சாட்சி மாதிரி நிறுத்திவைப்பார்.

மனைவியும் சும்மா வீட்டில் இருப்பவள் அல்ல. தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு, அவருக்கு அரைமணி முன்னால்தான் வந்து சேருவாள். தீர்ப்பு வரும்வரை சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பாள். வந்ததும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களை ஓசையாக அடுக்குவாள். இப்படியே இருபது வருஷக் குடித்தனம்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. மூன்று நாள் தும்மினார். நாலாம் நாள் தும்மல் போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் டீயை உறிஞ்சினார். சூடு இருந்தது, ஈரம் இருந்தது, டீ இல்லை. இன்னொரு வாய் குடித்தார். வெந்நீரில் அட்டைப் பெட்டியை நனைத்துக் குடித்த மாதிரி இருந்தது.

வாசலில் மனைவி காத்திருந்தாள். நாக்கு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கண் போன பிழைதிருத்தியை எந்த அச்சகம் வைத்துக்கொள்ளும்? குரலைச் செருமிக்கொண்டு, "இஞ்சி கொஞ்சம் தூக்கல்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். வீட்டில் இஞ்சி தீர்ந்து அன்றோடு இரண்டு நாள்.

"அப்படியா?" என்றாள் மனைவி.

அன்று ராத்திரி பருப்பு அடிப்பிடித்துவிட்டது. தெருவே மூக்கைப் பொத்தும் நாற்றம். அவர் மட்டும் ரசித்துச் சாப்பிட்டு, "இன்னைக்குப் பதமா வந்திருக்கு" என்று பெருந்தன்மையோடு சொன்னார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

மறுநாளே அவள் தைரியமாகப் பூண்டு போட்ட கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். அவளுக்கு அது என்றால் கொள்ளை ஆசை; அவருக்கு ஆகாது என்று கல்யாணமான முதல் மாதமே விலக்கு விழுந்த சமாசாரம். ஒரு பூண்டு முழுசாகப் போட்டிருந்தாள். அவருக்குப் பிசைந்த வாழைப்பழமும் அதுவும் ஒன்றுதான்.

"பிரமாதம்! இதையெல்லாம் ஏன் அடிக்கடி பண்றதில்ல?"

"அதானே, ஏன் பண்ணாம இருந்தேன்?" என்று அவள் இரண்டாம் கரண்டி பரிமாறினாள்.

அதன் பிறகு வீட்டின் காற்றே மாறிவிட்டது. எது கொடுத்தாலும் பாராட்டுதான் என்று தெரிந்துபோனதால் அவள் வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, தன் கோப்பையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பேச்சு வராமல் இருக்குமா? உயிருள்ள கோழியை அட்டைப் பெட்டியில் அடைத்து, 'கண்ணாடிப் பொருள்' என்று எழுதிக் கொண்டுவந்தவன் கதையைச் சொன்னாள். பெட்டி தராசில் ஏறி நின்று கொக்கரித்ததாம். "கண்ணாடி ஏன்யா கத்துது?" என்று கேட்டால், "பயந்துடுச்சு மேடம்" என்றானாம். அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் இவள் வேலை பார்க்கிற இடத்தில் இவ்வளவு நடந்ததா என்று அவருக்கு ஆச்சரியம்.

நாக்கு எப்போதும் சொல்லிவிட்டா வரும்? ஒருநாள் ராத்திரி கத்தரிக்காயின் மூன்றாம் வாயில் படாரென்று பூண்டு வந்து மூளையில் அடித்தது. பின்னாலேயே உப்பு, புளிப்பு, நெய் எல்லாம் வரிசையாக வந்தன. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. கூடவே பழைய பேனாவும் திறந்துகொண்டது: 'பூண்டு வண்டி வண்டியாக.' ஆனால் மனைவி அப்போது கவுண்டரில் நடந்த ஒரு சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை மேலதிகாரி, இன்னொரு கை கிழவர். இவர் அந்த வாக்கியத்தைப் பூண்டோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அவள் தம்பி வந்தான். மருந்துக்கடைக்காரன். நாக்கு செத்துப்போன கதையை அக்கா போனில் சொல்லியிருந்தாள். முகமெல்லாம் குறும்பு. நேரே சமையலறைக்குப் போய், சளிக்குக் கொடுக்கும் கசப்புப் பொடியை மூன்று கரண்டி டீயில் கலக்கி, தானே ஏந்திக்கொண்டு வந்தான்.

"மாமா, இன்னைக்கு என் கைப்பக்குவம். எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். கசப்பு நாக்கில் இறங்கி, தொண்டையில் முட்டி, கால் கட்டைவிரல் வரை போய்த் திரும்பியது. துப்பினால் பழைய தீர்ப்பு திரும்பி வந்த மாதிரி ஆகிவிடும்; அவள் மறுபடி கரண்டியோடு வாசலுக்குப் போய்விடுவாள். முழுங்கினார். இன்னொரு வாயும் குடித்தார்.

"நல்லா... திடமா இருக்கு, மச்சான்."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. கோப்பையைப் பிடுங்கித் தம்பி கையில் கொடுத்தாள்.

"மீதியை நீ குடிடா."

"ஐயோ அக்கா!"

"பண்டத்தை வீணாக்கக் கூடாது. குடி."

அவன் ஒரு வாய் குடித்ததுதான் தாமதம், குழாயடிக்கு ஓடினான். மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"எப்ப திரும்பி வந்துச்சு?"

"என்னது?"

"நாக்குதாங்க."

"நேத்து," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அது போனது உனக்குத் தெரியுமா?"

"இல்லாத இஞ்சியைத் தூக்கல்னு சொன்னீங்களே, அப்பவே. சரி, நேத்துக் கத்தரிக்காய் எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லணும்."

அவர் யோசித்தார். "பூண்டு கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் இல்ல, நிறைய. ஆனா நீ பேசிட்டிருந்தே. அது நல்லா இருந்துச்சு."

அவள் உள்ளே போய்ப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள். அவரும் பின்னாலேயே போனார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அடுப்புப் பக்கம் வேலையாக வந்தது அன்றுதான். உருளைக்கிழங்கை நறுக்கக் கத்தியை எடுத்தார்.

"என்னங்க இது, துண்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா இருக்கு?"

அவர் பெரிய துண்டுகளை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.