சாமான் வரவில்லை

நெல்லித்தோப்பில் கடை வைத்திருக்கும் அந்த மெக்கானிக், முன்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்துவார். ஹேண்டிலை ஒரு விரலால் தொட்டுவிட்டு, அது தானாகச் சாய்வதைக் கண்ணை மூடிக் கேட்பார். காலையில் விட்ட வண்டியை மாலைக்குள் தந்துவிடுவார். அதில் அவருக்குப் பெருமை.

ஹேண்டில் ஆடுகிறது என்று அப்பா சொன்னதால் இருவரும் போனோம். டயர், சக்கர பேரிங், ஹேண்டிலைத் தாங்கும் கோன்செட் என மூன்று காரணங்களை எழுதி எடுத்துப் போயிருந்தேன். மூன்றையும் சோதித்தார். கோன்செட் நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, கண்ணை மூடிக் கேட்டார்.

"உக்காந்து புடிங்க சார்."

என்ஜின் ஓடவில்லை. அப்பா பிடித்ததும் ஹேண்டில் நடுங்கியது.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "கோன்செட் போயிடுச்சு சார். உங்க வண்டி சைசு கைவசம் இல்ல. சாமான் வரணும், வண்டி இங்கயே இருக்கட்டும்."

"சாயங்காலமே தருவேன்னு பேரு மட்டும் பெருசா வாங்கி வெச்சிருக்க. ஒரு கோன்செட்டு இல்லியாய்யா?" அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டது. மெக்கானிக் தலையாட்டிக்கொண்டார்.

அப்பா வெளியே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வண்டில ஒண்ணுமில்லம்மா. மொதல்ல அப்பாவ டாக்டர்கிட்ட காட்டு."

காட்டினோம். நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் மாலையில் கடை வாசலில் நின்று, "சாமான் வந்துச்சா?" என்று அதட்டுகிறார். மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் மெக்கானிக்கும், "இன்னும் வரல சார்" என்கிறார்.

நேற்று நன்றி சொல்லப் போனேன். கோன்செட் டப்பாக்கள் முன்பு அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரித் தட்டு காலியாக இருந்தது. டப்பாக்கள் எல்லாம் மேசைக்கு அடியில், ஓரம் மட்டும் தெரிய, சாக்கு போட்டு மூடப்பட்டிருந்தன.