சைக்கிள்கடையடி

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் போய்ப் பயணம் சொல்லி மாப்புக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். பொறுக்காத பிழையைத் தோளில் சுமந்துகொண்டு அல்லாஹ்வின் வீட்டுக்கு எப்படிப் போவது? எனக்கு அந்தப் பயணம் வாய்த்தது எண்பதுகளின் பிற்பகுதியில். கல்முனைப் பிரதான வீதியில் சாரன், அதாவது லுங்கி, விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். அதனால் வீதியின் தெற்கு முனையிலிருந்து தொடங்கி ஒரு கடை விடாமல் ஏறி இறங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தது ஒரு வாரம் எடுத்தது. கால்களைவிட மனசு களைத்துப் போயிற்று.

முன்பெல்லாம் பேக்கரியின் புகைக்கூண்டைக் கண்டுதான் வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளி அதைப் பாதியில் முறித்தது. முதலாளி மீதிப் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்து அப்படியே விட்டிருந்தார். நான் கையைப் பிடித்து மாப்புக் கேட்டதும், "என்ட பாணக் கல்லு எண்டு ஊரெல்லாம் கதைச்சதுக்கா? அதுக்கு மாப்பு இல்ல, போங்க!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரபாவில எனக்கும் ஒரு துஆ கேளுங்க காக்கா" என்றார். அண்ணனை எங்கள் ஆட்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

பள்ளிவாசலுக்கு முன்னால் நின்ற வாகை மரங்களும் அதே காற்றில்தான் போயின. நிழல் இருந்த இடத்தில் இப்போது மண்மூட்டை அடுக்கிய காவல் சென்றி. அதைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட வேண்டும். படமாளிகை பூட்டிக் கிடந்தது. நான் ஒருநாளும் உள்ளே போனவன் இல்லை. ஆனாலும் மெட்னி காட்சிக்கு முன் அவர்கள் போடுகிற பாட்டுக் கேட்டால் லுஹர் தொழுதாயிற்றா என்று நினைவு வரும். தபாற்கந்தோர் பழையபடி இருந்தது. பஸ் நிலையமும் இருந்தது. ஐந்து மணிக்குப் பிறகு அங்கே ஆள் நிற்பதில்லை.

என் கடைக்கு நேர் எதிரே இருந்த இடத்தைக் கடைசிக்கு விட்டிருந்தேன். ஒரு காலத்தில் அது சைக்கிள் திருத்துகிற கடை. இப்போது கரிபிடித்த மூன்று சுவர்களும் நடுவில் எருக்கலஞ்செடியும்தான். ஆனால் பஸ் கண்டக்டர்கள் இன்னும் "சைக்கிள்கடையடி இறங்குங்க!" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கடைக்காரர் சொறிக்கல்முனைத் தமிழர். என்னைவிட மூத்தவர். தினமும் காலையில் எதிரும் புதிருமாகக் கதவு திறந்தவர்கள் நாங்கள். அவருடைய கடை முகப்பில் மஞ்சள் பூசிய தகரத்தில் பெரிய சிவப்புச் சைக்கிள் சில்லு ஒன்று வரைந்திருக்கும். சூறாவளிக்கு மறுநாள் அந்தத் தகரம் என் கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த, என் மனைவியின் வளவில் கிடந்தது. அடுப்படிக்குக் கூரை இல்லை, வீட்டில் பிறந்து இருபது நாளான பிள்ளை, மழை விடவில்லை. சில்லு உள்பக்கம் பார்க்க வைத்து ஆணி அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் வீதி வீதியாகத் தேடிக்கொண்டு வந்து, "என்ட சில்லுத் தகரத்தக் கண்ட நீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அடுத்த வளவுக்குப் போனார். அன்றிலிருந்து என் மனைவி சோறு ஆக்கும்போது தலை நிமிர்வதில்லை.

பிழை அது ஒன்றாக இருந்திருந்தால் பரவாயில்லை. எண்பதுகளின் நடுவில் தமிழரும் முஸ்லிம்களும் மோதி ஊர் கலவரப்பட்டபோது அவர் கடையைப் பூட்டிக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போய்விட்டார். ஒரு பகலில் சிலர் அந்தப் பூட்டை உடைத்து நெருப்பு வைத்தார்கள். எனக்கு முகம் தெரிந்த ஆட்கள். நான் என் கடையின் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்க, வயல் வழியே சைக்கிளில் சொறிக்கல்முனைக்குப் போனேன். அவர் முற்றத்தில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரு, சாரன்கடைக் காக்காவா? இந்த நாளையில இவ்வளவு தூரம்? சாரன் விக்கவோ?"

"மக்காவுக்குப் போறன் அண்ணன். மாப்புக் கேக்க வந்தன்."

தகரத்தின் கதையைச் சொன்னேன். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "நான் அப்பவே சொன்னன்தானே, அது எதிர்ப்பக்கந்தான் பறந்த எண்டு! ஆரு என்ட கதையக் கேட்ட?"

அவர் சிரித்துவிட்டார். "இவ்வளவு வருசமும் உங்கட அடுப்படியிலயா ஓடின என்ட சில்லு?"

"கழட்டிக் கொண்டாந்து தாறன்."

"வேணாம். அங்க எனக்கொரு கடை இருந்ததுக்கு அது ஒண்டுதான் மிச்சம். பிள்ளைகள் நனையாம இருக்கட்டும். தகரத்துக்குப் பொறுத்தாச்சு, போங்க."

தேத்தண்ணி வந்தது. அதோடு எழும்பி வந்திருக்கலாம். எழும்ப முடியவில்லை.

"பூட்டு உடைச்ச அண்டைக்கு நான் கடைக்குள்ளதான் நிண்டன் அண்ணன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நிண்டன்."

அவர் சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். உங்கட கதவு பாதி திறந்திருந்த எண்டு சொன்னாங்க."

"அதையும் பொறுக்கணும்."

அவர், "சுகமாப் போயிட்டு வாங்க. வந்து மறுகா ஒரு நாளைக்கு வாங்க, கதைப்பம்" என்றார். படலை வரைக்கும் கூட வந்தார்.

அரபா மைதானத்து வெயிலில் பேக்கரி முதலாளிக்குக் கேட்டேன், பிள்ளைகளுக்குக் கேட்டேன். எனக்குக் கேட்க வந்த நேரத்தில் சைக்கிள்கடைக்காரருக்குக் கேட்டேன்.

திரும்பி வந்த அன்று கண்டக்டர் "சைக்கிள்கடையடி!" என்று கூப்பிட, இறங்கினேன். ஊரார் கட்டிப்பிடித்து ஹாஜியார் என்றார்கள். அவருக்கென்று மக்காவிலிருந்து கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணீரில் ஒரு போத்தலும் பேரீத்தம்பழத்தில் ஒரு பொட்டலமும் எடுத்து வைத்தேன். மேற்கே சொறிக்கல்முனைக்குப் போகிற பாதை அந்த வாரம் மூடிக் கிடந்தது. அடுத்த வாரமும் திறக்கவில்லை. பொட்டலம் அடுப்படியில், சில்லுக்கு நேர் கீழே இருந்தது. எறும்பு ஏறாமல் என் மனைவி அதைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருந்தாள்.