உள் பாக்கெட்

பள்ளிச் சீருடை தைப்பதில் அந்த டெய்லரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயும் அப்படித்தான். அளவு எடுக்கும்போதே, "திங்கறதெல்லாம் எங்கடா போகுது?" என்று பையன்களைச் சீண்டுவார். ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பையன்தான் அதை முதலில் கேட்டான்: இடுப்புப் பட்டிக்கு உட்பக்கம், வெளியே தெரியாமல், விரல் நீளத்துக்கு ஒரு பாக்கெட். பஸ் காசு வைக்க என்றான். பின்னாலேயே அவன் கூட்டாளிகளும் வந்து அதையே கேட்டார்கள்.

நீளம் குறைக்க வந்த ஒரு பேன்ட்டைப் புரட்டியபோது அந்தப் பாக்கெட்டிலிருந்து புகையிலைத் தூள் உதிர்ந்தது. டெய்லர் சிரித்தார். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி சிரிக்கவில்லை.

"இதுக்கா தைச்சுக் கொடுக்கறீங்க?"

"நான் தைக்கலேன்னா சாக்ஸுல வெச்சுக்குவானுங்க. பெத்தவங்க பாத்துக்கட்டும்."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைக்குத் திருட்டுப் பாக்கெட் தைத்தால் தன் பிள்ளை என்ன ஆகும் என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. அவருக்கு வேறு கவலை. பத்தாவது படிக்கும் மகன் வாயில்லாப் பூச்சி. பள்ளி விட்டால் கடைக்கு வந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பான், வீட்டுக்குப் போவான். தேடி வர ஒரு நண்பன் கிடையாது. அதனால் ஒட்டகத்தின் கூட்டம் ஒருநாள் வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டபோது டெய்லருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. "போய்ட்டு வாடா, மெஷின் எங்கயும் ஓடிடாது" என்று அவரே தள்ளிவிட்டார்.

பையன் கலகலப்பாகிவிட்டான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு இருமலும் கேட்டது. ஒரு காலை, துவைக்க எடுத்த அவன் பேன்ட்டை அம்மா கொண்டுவந்து மேஜையில் போட்டாள். உள்ளே பாக்கெட். டெய்லர் தைத்ததல்ல. ஆனால் தையல் அவருடையதைப் போலவே சீராக இருந்தது.

பிளேடால் அதைப் பிரித்தார். அடிக்கத்தான் நினைத்தார், மனசு வரவில்லை. "விட்டுடுடா. அவனுங்க சகவாசமே வேண்டாம்" என்று கெஞ்சினார்.

"அவங்களுக்கு முன்னாடி என்னை யாருப்பா கூப்பிட்டாங்க?" என்றான் மகன். எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டான். "மொதல்ல வாந்திதான் வந்துச்சு. ஆனா சும்மா கூட நின்னா, நீ எதுக்குடா இங்கேன்னு கேப்பாங்க."

டெய்லர் பிரித்த நூலைத் திரட்டிக் குப்பையில் போட்டார். இனி யார் வந்து நின்றாலும் அந்தப் பாக்கெட் கிடையாது என்று முடிவெடுத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பள்ளி திறக்கும் சமயம் ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அம்மாவோடு வந்தான். அவள் போன் பேச வெளியே போனதும், குரலைத் தாழ்த்தி உள் பாக்கெட் கேட்டான்.

"அதெல்லாம் தைக்கறதில்ல."

"பரவாயில்ல மாமா" என்றான் பொடியன் பெருந்தன்மையாக. "உங்க வீட்டு அண்ணனே தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்காரு. எங்க க்ளாஸ் பசங்களுக்கெல்லாம் அவர்தான் தைக்கறாரு."

அம்மா உள்ளே வந்து, துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். டெய்லர் அவளைப் பார்த்தார், பொடியனைப் பார்த்தார். சொன்னால் தன் மகனைச் சொல்ல வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை வாங்கம்மா" என்றார்.