ஒன்றும் எழுதப்படாத குளிர்காலம்

இங்கே கடல்மேல் நடந்து கடைக்குப் போகிறார்கள். பின்லாந்தின் இந்தச் சிறிய துறைமுக ஊருக்கு வந்து இது இரண்டாவது தை. இன்னமும் பனிக்கட்டியில் கால் வைக்கும்முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கத் தோன்றுகிறது. ஆற்றில் இறங்கிய பழக்கம்.

பழைய குளிர்காலங்களின் கடுமைக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. அந்தக் காலத்தில் கடல் எவ்வளவு உறைந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. படகோட்டிகள் போய்ப் பார்த்து வந்து சொன்னதைத் துறைமுக எழுத்தர் பதிவேட்டில் குறித்திருக்கிறார், அவ்வளவுதான். அதில் ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதற்கு 'மிதம்' என்று போட்டேன். பட்டியல் தேறினால்தான் வேலை இன்னொரு வருடம் நீளும்.

மேலாளர் கிர்சி அதிகம் பேசாதவர். அதே வருடத்துப் பாதிரியார் கடிதம் ஒன்றை என் முன் வைத்தார். மாவுக் கப்பல் வரவில்லை, ஜனங்கள் மரப்பட்டையை இடித்துத் தின்கிறார்கள் என்றிருந்தது.

"உறையவில்லை என்றால் கப்பல் ஏன் வரவில்லை?"

"பதிவேட்டில் பனிக்கட்டியே இல்லையே."

"படகே போக முடியாதபோது யார் வந்து சொல்லுவார்?"

கோச்சடையில் எங்கள் வீட்டு மளிகைக்கடைக் காலண்டர் நினைவுக்கு வந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் எழுத்துத் தெரியாது. வைகையில் தண்ணீர் வந்தால் கீரைப்பாத்தியிலிருந்தே அப்பா கத்துவார்: "டேய் தம்பி, ஆத்துல தண்ணி வந்துருச்சு, எழுதி வையி!" அன்றைய கட்டத்தில் 'தண்ணி' என்று எழுதுவேன். கட்டம் காலியென்றால் ஆறும் காலி. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கடலுக்கும் போட்டுவிட்டேன்.

வெற்றுப் பக்கங்களையெல்லாம் மற்ற கடிதங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். அந்தக் குளிர்காலம் 'மிகக் கடுமை' ஆனது. பட்டியல் தேறியது, வேலையும் நீண்டது. அதைச் சொல்ல அப்பாவை அழைத்தேன்.

"இன்னும் ஒரு வருசமா? சரிப்பா, நல்லதுதான்."

"டிசம்பர்ல ஆத்துல தண்ணி எம்புட்டுப்பா வந்துச்சு?"

"எம்புட்டா? தரைப்பாலமே முங்கிப்போச்சு. மாசம் பூராம் ஓடுச்சு."

"காலண்டர்ல குறிச்சீங்களா?"

அப்பா சிரித்தார். "யாரு குறிக்க? எழுதத் தெரிஞ்ச ஒத்த ஆளு, நீ அங்கிட்டுப் பனிக்கட்டிய எண்ணிக்கிட்டு இருக்கே. உங்கம்மாதான் நீ போன் பண்ற அன்னைக்கு ஒரு பொட்டு வச்சுவிடுறா."

செல்போனைக் காலண்டர் பக்கம் திருப்பச் சொன்னேன். அம்மா போன வருடக் காலண்டரின் டிசம்பர் தாளைப் புரட்டிக் காட்டினாள். கரை தொட்டு ஓடிய ஆற்றுக்கு ஓர் எழுத்துகூட இல்லை. யாராவது பின்னாளில் பார்த்தால் வறட்சி என்றே மதிப்பெண் போடுவார்கள். மாதம் முழுக்க வெள்ளைக் கட்டங்கள். நடுவே நான்கே நான்கு குங்குமப் பொட்டுகள்.