சியா விதையும் சீர் ஃப்ரிட்ஜும்

நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அதற்குப் போதும். நூலகத்தில் எடுத்துப் படித்த வரலாற்று நூல்களிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தேதி இல்லாத நினைவு, நினைப்பவருக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும். ஆனால் இங்கே தேதிகளை விட்டுவிடுகிறேன். இதில் வருகிற எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒரே பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில். மாதங்களை மட்டும் சொல்கிறேன்.

சித்திரைக் கடைசியில் விழுப்புரத்தில் என் கணவர் வீட்டிலிருந்து கிளம்பித் திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கணவர் என்னை அடித்ததில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பசித்தால் காலித் தட்டை மேசையில் இரண்டு முறை தட்டுவார். எங்களுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி மாமியார் தினமும் பேசி அந்த மௌனத்தை ஈடுகட்டினார். ஒருநாள் தட்டுச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து சமையலறைக்குப் போவதற்குப் பதிலாகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

அண்ணன் திட்டவில்லை. கணக்குப் போட்டார்.

"வந்தது வந்துட்ட. ஆடி வரைக்கும் இரு. ஆடியில கொண்டு போய் விடக்கூடாது. ஆவணி பொறந்ததும் நானே வந்து வுட்டுட்டு வர்றேன்."

"நான் போவலண்ணா."

"போவலன்னா? இன்னா செய்வ? யாரு சோறு போடுவாங்க?"

அந்தக் கேள்விக்கு ஆவணிக்குள் பதில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி அண்ணி சொல்லி வைத்திருந்தது: "ஒடம்பு சரியில்ல, ரெஸ்ட்டுக்கு வந்துகீது."

வைகாசியில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பைக்குப் போனேன். கோயிலைத் தாண்டிப் போகிற செம்மண் பாதையில் ஒரு விருந்தினர் விடுதி இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அங்கே மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனால், முந்தின நாளே ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள். விடுதியை நடத்துகிற அம்மாள் சென்னைக்காரர். திரும்பி நடந்தவளைக் கூப்பிட்டார்.

"சியா புட்டிங் செய்யத் தெரியுமாங்க? சனிக்கிழமை காலையில கெஸ்ட்டுங்க அதத்தான் கேக்கறாங்க. எங்க குக் செஞ்சா கட்டி கட்டியா வருது."

"தெரியும்" என்றேன். அதுவரை அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

திண்டிவனத்தில் நாட்டு மருந்துக் கடையில் சியா கேட்டேன். கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "இதுதாம்மா அது. பேரு மட்டும்தான் வேற." வீட்டில் பாலில் போட்டதும் ஒவ்வொரு விதையும் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக நின்றது. ராத்திரி முழுக்க வைத்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. பாலும் பாலாகவே இருந்தது. ரோஸ் மில்க்கில் மிதக்குமே, அந்தச் சப்ஜா விதை அது. சப்ஜா சில நிமிடங்களில் ஊதி நின்றுவிடும், பாலைக் கெட்டியாக்காது. சியா மெதுவாக ஊறும், சாம்பலும் வெள்ளையும் கருப்புமாகப் புள்ளி போட்டிருக்கும், ஊறியதும் பக்கத்து விதையைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு புதுச்சேரியில் ஒரு பெரிய மளிகைக் கடையில் வாங்கினேன்.

அதன் பிறகு பதம். நூலகத்துச் சமையல் புத்தகத்தில் படித்ததை எல்லாம் நம்பாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒரு டம்ளர் பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி விதை, தலைதட்டி. நான்கானால் களி, இரண்டானால் கஞ்சி. விதையைக் கொட்டியதும் ஒரு முறை கலக்கிவிட்டு மூடி வைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. அப்படி வைத்தால் விதை அடியில் போய் உட்கார்ந்து அடையாகிவிடும். கலக்கிய பத்து நிமிடத்தில், விதை நனைந்து இன்னும் ஒட்டாமல் இருக்கும்போது, இரண்டாவது முறை கலக்க வேண்டும். பிறகு இன்னொரு முறை. அதற்குப் பின் தொடக்கூடாது. தேங்காய்ப் பாலில் முதல் பாலை மட்டும் ஊற்றினால் குளிரில் மேலே வெண்ணெய்போல ஏடு உறைகிறது. இரண்டாம் பாலும் பாதி சேர வேண்டும். வெல்லப்பாகை ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும், சூடாக ஊற்றினால் பால் திரிகிறது. மாம்பழத்தைக் கடைசியில் மேலே வைக்க வேண்டும். முன்பே கலந்தால் நீர் விட்டுக்கொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் ராத்திரி முழுக்க ஒரே குளிரில், ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் புட்டிங் கொஞ்சம் யோசித்துவிட்டு விழ வேண்டும். அதுதான் பதம்.

முதல் சனிக்கிழமை விடுதியில் கிண்ணங்கள் காலியாகத் திரும்பின. இரண்டாவது வாரமும். அடுத்த வாரம் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தை எடுத்து என் முன்னால் சாய்த்துக் காட்டினார். மேலே தண்ணீர், கீழே கட்டி, லேசான புளிப்பு வாடை.

"என்னங்க இது? ஒரு வாரம் நல்லா இருக்கு, ஒரு வாரம் இப்படி. எனக்கு வாரா வாரம் ஆள் தேடறது பேஜாரு. இன்னொரு தடவ இப்படின்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

விதையைச் சந்தேகப்பட்டேன், தேங்காயைச் சந்தேகப்பட்டேன், ஆனி மாதப் புழுக்கத்தைச் சந்தேகப்பட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி செய்து ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியும் முன் எழுந்து போனால் என் பாத்திரம் சமையல் மேடையில், எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இட்லி மாவுக் குண்டான்.

அண்ணி பின்னாலேயே வந்தார். மறைக்கவில்லை.

"நான்தான் எடுத்து வெச்சேன். காத்தால நீ எழுந்திருக்கறதுக்குள்ள திரும்ப வெச்சிடுவேன். இன்னிக்குக் கொஞ்சம் அசந்துட்டேன்."

"எப்பத்திலேர்ந்து அண்ணி?"

"மாவு அரைக்கற அன்னிக்கெல்லாம். பொங்கி வழியுதில்ல? எங்க வெக்கறது? ஏம்மா, நாலு பேரு திங்கற இட்லி பெருசா, எவனோ வெள்ளக்காரன் திங்கற தவளமுட்ட பெருசா?"

"கேட்டிருந்தா நான் வேற நாள் செஞ்சிருப்பேனே."

"என் ஃப்ரிட்ஜுல எத எங்க வெக்கறதுன்னு உன்ன கேக்கணுமா? எங்க அம்மா வீட்டு சீரு அது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வருகிற சீர் பெண்ணுடையது. கட்டில், பீரோ, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் அவள் பெயருக்கே. எனக்கும் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. அப்பா நெல் விற்று வாங்கிக் கொடுத்தது. அது விழுப்புரத்தில் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்று காலை அந்தப் பாத்திரத்தைக் கொட்டிவிட்டு, கடையில் கிடைத்த பால்கோவாவைக் கொண்டுபோய் விடுதியில் கொடுத்து ஒரு வாரம் தவணை வாங்கினேன். சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன்.

"என் ஃப்ரிட்ஜ எடுத்துக்கினு வரப்போறேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். "எந்தப் பொண்ணாவது சீர திருப்பி எடுத்துக்கினு வருவாளா? அறுத்துக்கினு வர்றவதான் எடுத்துக்கினு வருவா. சாமான் அங்க இருக்கற வரைக்கும் நீ அந்த வூட்டு மருமவ. ரெஸ்ட்டுக்கு வந்திருக்கன்னு சொல்லிக்கலாம். ஃப்ரிட்ஜு வண்டியில வந்து எறங்கிடுச்சின்னா அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு உன்ன ஆவணியில கொண்டு போய் விடறது?"

"அப்படின்னா புதுசு ஒண்ணு வாங்கித் தாங்கண்ணா."

செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

விவாகரத்துச் சட்டம் பற்றி ஒரு புத்தகம் முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு வரி இல்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் விழுப்புரம் போனேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு குட்டி யானை சரக்கு வண்டியை வாடகைக்குப் பேசி, தெரு முனையில் நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். மாமியார் கூடத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"வந்துட்டியா? கை கால கழுவிக்கினு வா. மீன் கொழம்பு இருக்குது."

"சாப்பிட வரல அத்த. என் ஃப்ரிட்ஜ எடுத்துக்கினு போவ வந்தேன்."

"எதுக்கு? அதுக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"புட்டிங் செஞ்சி விக்கறேன். ராத்திரி முழுக்கக் குளிர்ல இருக்கணும். அங்க எடமில்ல."

"இன்னாது?"

"சியா வெத. பால்ல ஊறப்போட்டு செய்றது."

அவர் கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டார். "வெதய ஊறப்போடறதுக்குக் கல்யாணத்த கலைக்கிறியாடி?"

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்தில் மாமியாருக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"த பாரு. மிக்ஸிய எடுத்துக்கினு போ. கிரைண்டர எடுத்துக்கினு போ. கட்டில்கூட எடுத்துக்கினு போ, உள் ரூம்ல கெடக்குது, யாருக்குத் தெரியும்? ஃப்ரிட்ஜு ஹால்ல இருக்குது. நாளைக்கே பால்காரன் எங்கம்மான்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

"ரிப்பேருக்குப் போயிருக்குதுன்னு சொல்லுங்க."

கட்டிலைக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஃப்ரிட்ஜைத்தான் கொடுக்க முடியவில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் எது வெளியே தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது.

என் கணவர் உள்ளறையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நேராகப் போய் ப்ளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் பாட்டில்கள், தயிர்க் கிண்ணம், வாழை இலையில் கட்டிய மல்லிகைப்பூ, எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் எடுத்து வைத்தார். வண்டிக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவர் இன்னொரு பக்கம் பிடித்துத் தூக்கினார். தெருவில் கதவுகள் திறந்தன. மாமியார் அவசரமாக ஓடி வந்து உரத்த குரலில், "பாத்துப் பாத்து! ரிப்பேரு பண்றவன் கிட்ட நல்லா சொல்லி வாங்கணும்!" என்றார்.

வண்டியில் ஏற்றிய பிறகு என் கணவர் கயிறு கட்டினார். என்னைப் பார்க்காமல், முடிச்சைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"படுக்க வெக்கக்கூடாது. நிமித்தியே கொண்டு போ. எறக்கின ஒடனே சுச்சு போடாத. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

பல மாதங்களில் அவர் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமானது. ஒரு பொருள் பழுதாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு இவ்வளவு தெரியும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

விக்கிரவாண்டி தாண்டும்போது வண்டிக்காரர் கேட்டார்: "புது வூடாங்க?" ஆமாம் என்றேன்.

அண்ணன் வீட்டில் யாரும் கை கொடுக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, நான் படுக்கும் அறையில் இறக்கினேன். அண்ணி கதவருகே நின்று பார்த்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை, பயம் இருந்தது.

"அப்ப நீ திரும்பிப் போவவே மாட்டியாம்மா?"

"மாட்டேன் அண்ணி."

வெள்ளிக்கிழமை வைத்த புட்டிங் சனிக்கிழமை அசையாமல் நின்றது. விதைகள் நடுவில் தொங்கினமாதிரி இருந்தன, அடியில் ஒன்றும் தேங்கவில்லை. கரண்டியைச் சாய்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டு விழுந்தது. விடுதி அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதத்தான் நான் கேட்டேன். இனிமே புதன்கிழமையும் கொண்டு வாங்க" என்றார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். பஸ்ஸில் காலிக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, அந்த மூன்றாவது வாரமும் இப்படி இருந்திருந்தால் என் ஃப்ரிட்ஜ் இன்னும் விழுப்புரத்தில் நின்றிருக்கும், நானும் இன்னும் யாரோ ஒருவரின் மனைவியாக ஓய்வெடுத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் தோன்றியது.

ஆவணி பிறந்தது. அண்ணன் என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போகவில்லை. வாடகை வீடு பார்க்கக் கூட்டிப்போனார். போய்விடுகிற தங்கைக்கு அவர் வீட்டில் இடம் இருந்தது. இருந்துவிடுகிற தங்கைக்கு இல்லை. இதை அவர் வாயால் சொல்லவில்லை. "உனக்கும் ஃப்ரீயா இருக்கும்" என்றார்.

முதல் வீட்டில் உரிமையாளர் கேட்டார்: "வீட்டுக்காரர் எங்க வேல செய்றாரு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "நான் தனியாத்தான் இருக்கப் போறேங்க" என்றேன். அந்த வீட்டை ஏற்கெனவே வேறு யாருக்கோ சொல்லிவிட்டிருந்தது அப்போதுதான் உரிமையாளருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. திரும்பும் வழியில் அண்ணன், "உன் உண்மைய வெச்சிக்கினு நீ ரோட்லதான் ஃப்ரிட்ஜ நிறுத்தணும்" என்றார்.

மூன்றாவது இடம், மாடியில் ஒரே அறையும் சமையல்கட்டும். வீட்டுக்காரம்மாள் கேட்டபோது அண்ணன், "சிங்கப்பூர்ல இருக்காரும்மா. ரெண்டு வருசம் காண்ட்ராக்ட்டு" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி கிடைத்தது.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் இரும்பைக்குப் போகிறேன். புட்டிங் ஒருமுறைகூடப் பதம் தவறவில்லை. போன வாரம் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. மரியாதைக்குக் கீழே கொண்டுபோய் வீட்டுக்காரம்மாளிடம் கொடுத்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டார், இன்னொரு கரண்டி சாப்பிட்டார்.

"நல்லா கீதே! வழுவழுன்னு எறங்குது. உங்க வீட்டுக்காரருக்கு இது புடிக்குமாம்மா?"

"ரொம்பப் புடிக்குங்க" என்றேன். "வந்தாருன்னா தினமும் கேப்பாரு."